எந்த ஆண்டில் வந்தாய் என்று கேட்கும் மலை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டமும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களும் கேரளத்தின் கிழக்கு எல்லை. இங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ், அலுவலகத்தில் எழுத்து மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் சித்தூரில்தான் இருக்கிறது. அதே வட்டத்தின் கிராமங்களில் பொங்கல் வைக்கிறார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள்.

இந்த மக்களின் அரசியலையும் அடையாளத்தையும் உரிமையையும் பற்றிய புனைவல்லாத நூல்கள் நூறாண்டுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கின்றன. முதலில் எழுதியவர்கள் தோட்டத் துரைமார். அடுத்து எழுதியது எல்லை வகுத்த ஆணையம். அதன் பிறகு ஆய்வாளர்களும் வரலாற்றாசிரியர்களும் வந்தார்கள். இந்த மண்ணின் பெண்ணொருத்தி சொல்லச் சொல்ல எழுதிய நூலும், லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்த ஒருவரே எழுதிய ஆய்வும் வந்தது இந்த நூற்றாண்டில்தான். இவற்றை வரிசையாகப் படித்தால், எல்லைத் தமிழரிடம் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். எந்த ஆண்டில் வந்தாய்? இங்கே என்ன உழைத்தாய் என்ற கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது.

துரைமார் எழுதிய மலை

1877 ஜூலை 11 அன்று ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகையாகப் பெற்றார். 200 சதுர மைலுக்கும் மேற்பட்ட காடும் புல்வெளியும் ஒரே ஒப்பந்தத்தில் கை மாறின. மூன்றே ஆண்டுகளில், 1880இல், திருவிதாங்கூரின் உயர்மலைகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். எங்கே மண் நல்லது, எங்கே மழை எவ்வளவு, எந்த வழியாகச் சரக்கு இறக்கலாம் என்று முதலீடு செய்ய வருகிறவருக்கு வழிகாட்டும் எழுத்து அது.

1897இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த பின்லே நிறுவனம் கண்ணன் தேவன் கம்பெனியை அமைத்தது. தேயிலை பெருகியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில் ஓடியது. அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் மலைக்குக் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் துறைமுகம் போயின. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையாளிகள் அதைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஹீதர் லோவட்டும் பீட்டர் டி யோங்கும் சேர்ந்து 1993இல் எழுதிய உயர்மலை வரலாறு, தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கத்தின் நூற்றாண்டுக்காக அதே ஆண்டில் எஸ். முத்தையா எழுதிய வரலாறு ஆகிய இரண்டிலும் இந்தச் செய்திகள் விரிவாகக் கிடைக்கும். கிளப், பங்களா, மீன்பிடிப்பு, வெள்ளம், ரயில் எல்லாம் அவற்றில் உண்டு. தகவலுக்கு அவை நம்பத் தகுந்தவை. ஆனால் அந்தத் தேயிலைப் பெட்டிகள் இறங்கிய அதே சரிவில் குழந்தையை இடுப்பிலும் சட்டிபானையைத் தலையிலும் வைத்து ஏறி வந்தவர்கள் அந்த எழுத்தில் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். இன்ன ஆண்டில் இத்தனை கூலிகள் தேவைப்பட்டார்கள், இத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது.

அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்கள். கங்காணி ஊருக்குப் போவார், முன்பணம் கொடுப்பார், ஆள் சேர்ப்பார். கடன் கழியும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. கூலியில் கங்காணிக்கும் பங்கு. கே. ரவி ராமன் 2010இல் வெளியிட்ட தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளர் வரலாறு இந்த ஏற்பாட்டைக் கம்பெனி ஆவணங்களிலிருந்தும் அரசு ஆவணங்களிலிருந்தும் எடுத்துக் காட்டுகிறது. உலகச் சந்தைக்குத் தேயிலை கொடுத்த நவீன முதலாளித்துவம், தன் அடித்தளத்தில் சாதியையும் கடனடிமையையும் அப்படியே வைத்துக்கொண்டது என்பது அவர் நிறுவும் செய்தி. பழைய முறை அழிந்து புதிய முறை வந்தது என்று பாடப்புத்தகம் சொல்வதற்கு நேர் எதிரான சாட்சியம் இது.

எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், ஆனைமலையில், இதே கதையை ஒரு மருத்துவர் எழுதினார். தோட்ட மருத்துவமனையில் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதைத் தழுவிய பாலாவின் ‘பரதேசி’ படம் 2013இல் வந்தபோது அந்த நூல் மேலும் பலரைச் சென்றடைந்தது. நாவல்தான் என்றாலும், தோட்டத் தொழிலாளர்களிடையே சங்கம் கட்டியவரின் கண் கொண்டு பார்த்தது. ஆகவே எல்லை மலை நூல்களைப் பேசும்போது அதை ஒதுக்கிவிட முடியாது.

கோடு விழுந்த ஆண்டுகள்

மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது இந்த மலையின் அரசியல் வேறு வடிவம் எடுத்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் பெரும்பான்மையாக வாழும் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரியது. மார்ஷல் நேசமணி அதன் முகம். 1954 ஜூலையில் அவரும் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் தடையை மீறி மூணாறுக்குப் போய்க் கைதானார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்களைப் போலீஸ் சுட்டது. அப்போது திருவிதாங்கூர்–கொச்சியின் முதலமைச்சராக இருந்தவர் பட்டம் தாணுப் பிள்ளை.

அதே அரசு உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தையும் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் என்று சமவெளியிலிருந்து மலையாளக் குடும்பங்கள் கல்லாறு, மறையூர் போன்ற இடங்களில் குடியேற்றப்பட்டன. பட்டம் காலனி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. உணவுப் பஞ்சத்தைச் சமாளிக்க என்பது அரசு சொன்ன காரணம். எல்லைக் கோடு போடப்படவிருந்த வேளையில் மலையின் மொழிக் கணக்கை மாற்றவே அது நடந்தது என்பது தமிழர் தரப்பு. குடியேறிய விவசாயிகளும் வறுமையில் வந்தவர்கள்தான், காட்டு விலங்கோடும் காய்ச்சலோடும் போராடியவர்கள்தான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அவர்களுக்கு மலையில் நிலம் கிடைத்தது. அவர்களுக்கு முந்தி வந்து மலையைத் தோட்டமாக்கியவர்களுக்கு ஒரு சென்டு கூடக் கிடைக்கவில்லை.

ஃபசல் அலி தலைமையில், எச்.என். குன்ஸ்ருவையும் கே.எம். பணிக்கரையும் உறுப்பினராகக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை தந்தது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை தமிழகத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. இந்த இரு வட்டங்களின் தமிழர் தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்கள் என்ற வாதம் அந்த விவாதம் முழுவதிலும் ஓடியது. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து, அந்த லயத்துக்குப் பின்னாலிருந்த சுடுகாட்டிலேயே எரிந்தவர்களும் அந்தக் கணக்கில் வந்து போகிறவர்களே ஆனார்கள். எந்த ஆண்டில் வந்தாய் என்ற கேள்வி அரசு மொழியில் பதிந்தது இங்கேதான்.

டி. டேனியல் 1992இல் மதுரையிலிருந்து வெளியிட்ட திருவிதாங்கூர்த் தமிழர் அடையாளப் போராட்ட வரலாறு 1938 முதல் 1956 வரையான நிகழ்வுகளைத் தொகுக்கிறது. கன்னியாகுமரியின் கதை அதில் நிறைவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் போராட்டத்தைப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் கிடைத்த குமரியைக் கொண்டாடுகின்றன, கிடைக்காத தேவிகுளத்துக்கு வருந்துகின்றன. நிலம் போயிற்றே என்ற வருத்தம் பெரிதாகக் கேட்கிறது. அந்த நிலத்தில் நின்ற மனிதருக்கு அடுத்து என்ன நடந்தது என்பது அவ்வளவாகக் கேட்பதில்லை.

நடந்தது இதுதான். 1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்துக்கு தேவிகுளத்திலிருந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்தத் தேர்தல் செல்லாது என்று ஆனபின் 1958 இடைத்தேர்தலிலும் அவரே வென்றார். அந்த இடைத்தேர்தலில் தமிழ்த் தொழிலாளர்களிடையே பாடிப் பிரசாரம் செய்தவர் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன். மொழிக் கட்சி தோற்ற இடத்தில் செங்கொடிச் சங்கம் வேரூன்றியது. அடுத்த அரை நூற்றாண்டு தோட்டத் தமிழரின் குரல் சங்கங்களின் வழியாகவே வெளியே போனது.

பிளாச்சிமடைக் கிணறு

பாலக்காட்டுச் சமவெளியின் கதை வேறு. அங்கே கேள்வி தண்ணீரைப் பற்றியது.

சித்தூர் வட்டம் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்ற சிற்றூர். எரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினரும் தலித்துகளும் சிறு விவசாயிகளும் வாழும் இடம். 2000ஆம் ஆண்டில் இந்துஸ்தான் கோக்ககோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை 34 ஏக்கரில் இங்கே இயங்கத் தொடங்கியது. சில மாதங்களில் சுற்றுக் குடியிருப்புகளின் கிணற்று நீர் மாறியது. குடத்தில் பிடித்து வைத்தால் வெள்ளையாகக் கலங்கியது. அரிசி வேகவில்லை. குளித்தால் உடம்பு அரித்தது. ஆலையிலிருந்து வெளியேறிய கழிவுச் சேறு உரம் என்று விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. 2003 ஜூலையில் பிபிசி வானொலி அந்தச் சேற்றின் மாதிரியைச் சோதிக்கச் செய்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை வெளியிட்டது.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு மக்கள் உட்கார்ந்தார்கள். தொடங்கி வைத்தவர் பழங்குடித் தலைவர் சி.கே. ஜானு. பந்தலின் நடுவில் இருந்தவர் விஜயநகரம் காலனியின் எரவாளர் பெண் மயிலம்மா. 2003இல் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து, அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2004 ஜனவரியில் உலகத் தண்ணீர் மாநாடு இந்தச் சிற்றூரில் கூடியது. மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் நீதிமன்ற அமர்வு ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னபோதும் அது மீண்டும் ஓடவில்லை.

மயிலம்மாவின் தன்வரலாறு இந்தப் போராட்டத்திலிருந்து பிறந்தது. அவர் சொல்ல, கவிஞர் ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதினார். கவிஞர் சுகுமாரன் அதை ‘மயிலம்மா: போராட்டமே வாழ்க்கை’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். ஸ்வர்ணலதா ரங்கராஜனும் ஸ்ரீஜித் வர்மாவும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வந்தது. தண்ணீர்ப் போராட்டங்களைப் பற்றி உலகெங்கும் ஆய்வு நூல்கள் இருக்கின்றன. நிலத்தடி நீர் எத்தனை அடி இறங்கியது, எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்று அவை சொல்லும். தண்ணீர் கெட்டதை முதலில் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம் அல்ல, சோற்றுப் பானை என்பதை மயிலம்மாவின் நூல்தான் சொல்கிறது. நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு தொலைவு நடந்ததால் கூலி வேலைக்குப் போகும் நேரம் போனது, கூலி போனதால் அடுப்பு அணைந்தது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் குடும்பம் எப்படிச் சரிந்தது என்பதைப் பெண்ணின் கணக்கு ஒன்றே முழுதாகப் பிடிக்கும்.

மயிலம்மா 2007 ஜனவரி 6 அன்று இறந்தார். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணித்தது. இழப்பீட்டைத் தீர்மானிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. ஆலையை மூடியது வெற்றி. அரசுக் குழுவே கணித்துச் சொன்ன தொகை பிளாச்சிமடை மக்களின் கைக்கு வராமல் போனது அநீதி. வெற்றியை மட்டும் எழுதிய நூல்கள் உலகெங்கும் பரவிய அளவுக்கு இந்த அநீதி பரவவில்லை.

பொம்பிளை ஒருமை

2015 செப்டம்பர் 5. மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். முந்திய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். 2005இல் கண்ணன் தேவன் தோட்டங்களை வைத்திருந்த டாட்டா டீ அவற்றைப் புதிய கம்பெனிக்கு மாற்றியபோது தொழிலாளர்களும் பங்குதாரர்கள் ஆக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பங்குதாரர்களின் அன்றைய நாள் கூலி 232 ரூபாய். அதற்காக ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்து 21 கிலோ. பனி விலகாத காலையில் இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தரியும் முதுகில் பையுமாகச் சரிவில் ஏறி இறங்கிப் பறிக்க வேண்டும். பை நிறைந்ததும் எடைபோடும் இடம்வரை அதைத் தலையில் சுமக்க வேண்டும். அட்டைக் கடியும் கர்ப்பப்பைக் கோளாறும் முதுகு வலியும் இந்த வேலையோடு வருபவை.

ஒன்பது நாள் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை அவர்கள் வசம் இருந்தது. சங்கத் தலைவர்களை அவர்கள் அருகில் விடவில்லை. உட்கார அனுமதி பெற்ற மூத்த தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன். போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் என்று செப்டம்பர் 13 அன்று உடன்பாடு வந்தது. 500 ரூபாய் கேட்ட நாள் கூலி, அடுத்த மாதப் பேச்சில் 301 ஆனது.

பொம்பிளை ஒருமை என்ற அந்த இயக்கத்தின் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மலையாளத்தில் ஒற்றுமைக்கு ‘ஒரும’ என்று பெயர். பெண்ணைப் ‘பெம்பிள’ என்பது பேச்சு வழக்கு. மூணாறுப் பெண்கள் இரண்டு சொல்லுக்கும் தமிழின் ஐகாரத்தைக் கொடுத்தார்கள். கேரளத்துப் பத்திரிகைகளும் மலையாள எழுத்தில் அந்த ஐகாரத்தை அப்படியே அச்சிட வேண்டியதாயிற்று. தமிழில் இன்று ‘ஒருமை’ என்றால் பெரும்பாலும் ஒன்று என்றே பொருள், அங்கே அது ஒற்றுமை. எல்லையில் வாழ்கிறவர்கள் மட்டுமே உண்டாக்கக்கூடிய பெயர் அது.

அந்தப் பெண்களின் பின்னணியை ஆழமாகப் புரிந்துகொள்ள உதவும் நூல் ஜெயசீலன் ராஜின் தோட்ட நெருக்கடி பற்றிய ஆய்வு. லண்டன் யுசிஎல் பதிப்பகம் 2022இல் வெளியிட்டது. இடுக்கியின் தேயிலைப் பகுதியில் வளர்ந்து மானுடவியலாளரான ராஜ், பீர்மேட்டுத் தோட்டங்களில் நீண்ட காலம் தங்கி ஆய்ந்து எழுதியது இது. இந்தக் கட்டுரை பேசும் நூல்களில் மிக முக்கியமானது எது என்றால் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

1990களில் தேயிலை விலை வீழ்ந்தது. சோவியத் நாடு உடைந்து பெரிய சந்தை ஒன்று கலைந்தது. பீர்மேட்டில் பல தோட்டங்களை முதலாளிகள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கூலி நின்றது, மருத்துவமனை நின்றது, ஓய்வு பெற்றவர்களின் பணிக்கொடை நின்றது. இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள். சிலர் தாத்தா புறப்பட்டு வந்த ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கே திரும்பினார்கள். அங்கே சேரி அவர்களுக்காகக் காத்திருந்தது. தோட்டத்தில் எல்லோரும் தொழிலாளி என்ற பொதுப் பெயருக்குள் ஓரளவு மறைந்து கிடந்த சாதி, வேலை போனதும் முழு உருவில் எழுந்து வந்தது. கேரள நகரத்துக்குப் போனவர்களை ‘பாண்டி’ என்ற ஏளனச் சொல் வரவேற்றது. கேரளத்தில் தமிழன், தமிழ்நாட்டில் தலித், தோட்டத்தில் கூலி. மூன்று இடத்திலும் ஒருவரே மூன்று விதமாகத் தாழ்த்தப்படுவதை ராஜ் மனிதர்களின் அன்றாடத்திலிருந்து காட்டுகிறார்.

பொருளாதார நெருக்கடி வந்தால் விலைப் புள்ளிவிவரம் வெளிவருகிறது, முதலாளிக்கு நிவாரணம் கேட்கப்படுகிறது. லயத்தில் ஒரு முதியவர் தன் பணிக்கொடைக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தார், அதற்குள் மகளின் கல்யாணம் என்னவாயிற்று என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கணக்கைத்தான் இந்த நூல் எடுத்தது. அல்பா ஷா, யென்ஸ் லெர்கே ஆகியோரோடு ராஜும் சேர்ந்து எழுதி 2018இல் வந்த மற்றொரு நூல், நாட்டின் பல மூலைகளில் தலித்துகளும் ஆதிவாசிகளும் வளர்ச்சியின் அடியில் நசுங்குவதை ஒப்பிடுகிறது. கேரளத்துக்கு அதில் எடுக்கப்பட்ட இடம் தேயிலை மலைதான். தமிழ்த் தொழிலாளர் வெளியேற, அந்த இடத்துக்கு வட இந்திய, கிழக்கிந்திய மாநிலங்களிலிருந்து ஆதிவாசிகள் வந்து சேர்வது அதில் பதிவாகியிருக்கிறது. எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் முன்னோடி என்று புகழப்படும் மாநிலத்தில், ஒற்றை அறையும் அடுப்படியும் சின்னத் திண்ணையும் கொண்ட லயம் நூறாண்டாக மாறாமல் நிற்கிறது என்ற உண்மையை இந்த இரண்டு நூல்களுக்குப் பிறகு யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தம் அல்ல. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும் அல்லது பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிய வேண்டும். அதனாலேயே படித்த பிள்ளையும் கத்தரியைக் கையில் எடுக்கிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவில் ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியபோது 70 உயிர் போனது. இறந்தவர்களில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மறுநாள் கேரளத்தின் கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் விழுந்தது. விமான விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு முதலில் அறிவித்தது 5 லட்சம். தேயிலை மலையில் இந்த இரண்டு எண்களையும் யாரும் மறக்கவில்லை.

1950க்கு முன்பா, பின்பா?

தாழ்த்தப்பட்டோர் பட்டியல் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அதற்குப் பின் குடிபெயர்ந்தவர், புதிய மாநிலத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பினராக உரிமை கோர முடியாது என்பது சட்ட நிலை. 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பள்ளர், பறையர், சக்கிலியர் மூவரும் கேரளப் பட்டியலிலும் இருக்கிறார்கள். ஆனாலும் மூணாறிலும் பீர்மேட்டிலும் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும் மாணவரிடம், குடும்பம் 1950க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். நிலம் இருந்தால் பத்திரம் இருக்கும். லயத்தில் வாழ்ந்தவரிடம் பத்திரம் ஏது? தாத்தாவின் பெயர் இருந்த செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவுப் புத்தகம் தோட்ட அலுவலகத்தில் எங்கோ கிடக்கும், அல்லது கரையானுக்குப் போயிருக்கும். சான்றிதழ் இல்லையென்றால் கல்வி உதவித்தொகை இல்லை, இட ஒதுக்கீடு இல்லை.

எளிய மாணவர்கள் மட்டும் சந்திக்கும் சிக்கல் அல்ல இது. தேவிகுளம் தனித் தொகுதியில் 2021இல் வென்று, சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்ற ஏ. ராஜாவின் தேர்தல் இதே வகைக் கேள்விகளால் நீதிமன்றம் ஏறியது. அவர் கேரளத்தின் இந்துப் பறையர்தானா, குடும்பம் எப்போது வந்தது, மதம் எது என்று வாதம் நடந்தது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி அவர் வெற்றியை உறுதி செய்தது. 1955இல் ஆணையத்தின் முன் ஒரு வட்டத்தின் மக்கள் அனைவருக்கும் எழுந்த கேள்வி, எழுபது ஆண்டுக்குப் பின் அந்த மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவருக்கும் எழுந்தது.

தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 வழி செய்தது. சட்டம் தாளில் தெளிவாக இருக்கிறது. கேட்டுப் பெறுகிறவர்கள்தான் குறைவு. இப்படி ஒரு உரிமை உண்டு என்று தோட்டத்தில் எடுத்துச் சொல்லும் எளிய தமிழ் நூல்கள் பரவாததும் அதற்குக் காரணம்.

தமிழ்நாட்டுப் புத்தகக் கடைகளில் இந்த மலையைப் பற்றிக் கேட்டால் முதலில் முன்வருபவை முல்லைப் பெரியாறு நூல்கள். அணைப் பிரச்சினை பெரியதுதான். ஆனால் 2011 டிசம்பரில் அணைக்காக இரு பக்கமும் கொதித்தபோது, ஏலத்தோட்டங்களிலிருந்து அஞ்சித் தேனிக்கு இறங்கி ஓடியவர்கள் இதே கூலித் தமிழர்கள். அணையைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களையும் சேர்த்து எழுத வேண்டும்.

தேவிகுளம் வட்டத்தின் காட்டுக்குள் முதுவர் பழங்குடியினரின் இடமலைக்குடி இருக்கிறது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆன இடம். அங்கே ஒரு முதியவர் தன் டீக்கடையில் சாக்குப் பைகளில் 160 புத்தகங்களை வைத்து நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதினார். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அந்தச் சாக்கில் இருந்தது. வண்டி போகாத அன்றைய காட்டிலேயே புத்தகம் இரவல் வாங்கிப் படிக்க ஆள் இருந்தபோது, வண்டி போகும் மூணாறிலும் வண்டிப்பெரியாரிலும் சித்தூரிலும் இல்லாமல் போவார்களா? மயிலம்மாவின் தன்வரலாறு தமிழில் இருக்கிறது. ராஜின் ஆய்வு நூலை அதன் பதிப்பகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. எல்லை ஊர்களின் நூலகங்களும் பள்ளிகளும் தொழிற்சங்க அலுவலகங்களும் இவற்றை வாங்கி வைக்க வேண்டும், கூடிப் படிக்க வேண்டும்.

தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவின் சம்பளச் சீட்டு, பாட்டியின் பிரசவ மருத்துவமனைச் சீட்டு, பழைய ரேஷன் அட்டை, ஞானஸ்நானச் சான்று, பள்ளி விடுகைச் சான்று எது இருந்தாலும் இன்றே எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். எழுபது வயது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் எந்த ஊரிலிருந்து, யாரோடு, எந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்பதை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுதுங்கள். நாளை சான்றிதழ் கேட்டு நிற்கும் பேத்திக்கு அது தேவைப்படும். அடுத்த நூலை எழுதப் போகிறவருக்கும் தேவைப்படும்.